பெரியவர்கள் ஆங்கிலம் கற்கும்போது: முதல் வேலை காதுக்கு

பள்ளியில் ஆங்கிலம் படித்துவிட்டு வேறு நாட்டில் போய் இறங்குபவர்கள் பலரும் சொல்வது இதைத்தான்: "எழுத்தில் இருந்தால் புரிகிறது, பேசினால் பிடிபடவில்லை." எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்காக இலக்கணப் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்ட வேண்டாம். பழக வேண்டியது காது.

ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைதான் தெளிவாகக் கேட்கும், மற்றவை கரைந்துபோகும். 'ஐ கேன் கம்' என்பது பேச்சில் 'ஐக்கன்கம்' ஆகிவிடும். வர முடியாது என்னும்போது 'கேன்ட்' அழுந்தி ஒலிக்கும், ஆனால் கடைசி 'ட்' பல நேரம் காதில் விழாது. அதனால் 'ட்' வருகிறதா என்று காத்திருக்காமல், அந்தச் சொல் அழுந்துகிறதா என்று கவனியுங்கள். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பமும் இதே வகை. தொலைபேசியில் நேரமோ தொகையோ சொன்னால் "ஒன் த்ரீயா, த்ரீ ஸீரோவா?" என்று கேட்டுவிடுங்கள். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படிக் கேட்பார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயிற்சிக்கு, எழுத்து வடிவமும் உள்ள ஒரு நிமிட உரையாடல் போதும். பார்க்காமல் கேளுங்கள், காதில் விழுந்ததை எழுதுங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். விட்டுப்போனவை பெரும்பாலும் தெரிந்த சின்னச் சொற்களாகவே இருக்கும். பிறகு ஒலிப்பதிவோடு சேர்ந்து அதே வேகத்தில் பேசிப் பாருங்கள். செய்தி வாசிப்பு இப்போதைக்கு வேண்டாம். வேலையிடத்தில் யாரும் அவ்வளவு திருத்தமாகப் பேசுவதில்லை. மருத்துவரிடம் நேரம் கேட்பது, விடுப்புச் சொல்வது மாதிரி உங்களுக்கு நாளைக்கே தேவைப்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் சீக்கிரம் பேசிவிடுவார்கள், சரி. அதற்காக மருத்துவரிடம் மொழிபெயர்க்க அவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். அம்மாவின் நோயைப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது இருவருக்குமே சங்கடம். பல நாடுகளில் மருத்துவமனையே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும், கேட்க வேண்டியதுதான்.

குடியேற்றத்துக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்களுக்கு: பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் தலைப்பு தந்து, தயாராக 1 நிமிடம் கொடுப்பார்கள். அதில் முழு வாக்கியம் எழுதாதீர்கள், நாலைந்து சொற்களைக் குறித்துக்கொண்டாலே 2 நிமிடம் பேசலாம். மனப்பாடம் செய்த பதிலைத் தேர்வாளர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். கேட்டல் பகுதியில் 40 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். ஒரு விடை தவறினால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். அதையே யோசித்துக்கொண்டிருந்தால் பின்னால் வரும் இரண்டு மூன்றும் சேர்ந்து போய்விடும்.