32 பேர், எட்டு மேஜை, ஒரே நாள்: ஒரு நைன்-பால் போட்டி நடத்திய அனுபவம்

ஒரே நாளில் 32 பேரை வைத்து நைன்-பால் (வெள்ளைப் பந்தால் மற்ற பந்துகளை எண் வரிசையில் அடித்து, ஒன்பதாம் பந்தைப் பாக்கெட்டில் போட்டவர் ஜெயிக்கிற பூல் ஆட்டம்) போட்டியை நடத்தி முடிக்க வேண்டும். கையில் இருப்பது எட்டு மேஜை. இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற வேண்டும் என்ற டபுள் எலிமினேஷன் முறையை எடுத்துக்கொண்டேன். கிளம்பி வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆட்டமாவது கிடைக்கும், அதனால்தான். ஆனால் இந்த முறையில் நேரத்துக்கு முடிப்பது லேசான வேலை இல்லை.

கணக்கைப் பாருங்கள். நேரடி நாக்-அவுட் என்றால் 32 பேருக்கு 31 ஆட்டம். டபுள் எலிமினேஷனில் 62. அதுவரை தோற்காதவர் இறுதியில் தோற்றால் இன்னொன்று சேர்ந்து 63. எட்டு மேஜைக்கு வகுத்தால் மேஜைக்கு எட்டு ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம், சாயங்காலம் முடிந்துவிடும் என்று தோன்றும். முடியாது. முதல் சுற்றிலேயே தோற்றவர் இறுதிக்கு வர லூசர் பக்கத்தில், அதாவது ஒரு முறை தோற்றவர்கள் ஆடும் பிரிவில், வரிசையாக எட்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தையும் இறுதியையும் சேர்த்தால் பத்து. ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. நூறு மேஜை போட்டாலும் இந்தப் பத்தும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடந்தாக வேண்டும்.

அதனால் எட்டுப் பேர் மிஞ்சும் வரைதான் டபுள் எலிமினேஷன், அதற்கு மேல் நேரடி நாக்-அவுட் என்று வைத்தேன். வின்னர் பக்கத்திலிருந்து நால்வர், லூசர் பக்கத்திலிருந்து நால்வர். பத்து கட்டம் எட்டாகிறது, மொத்த ஆட்டம் 59. கடைசியில் ஒரே ஒரு மேஜையில் ஆட்டம் நடக்க மற்ற ஏழும் சும்மா கிடக்கிற நேரம் பெரும்பாலும் இல்லாமல் போனது. சமீப ஆண்டுகளின் நைன்-பால் உலக சாம்பியன்ஷிப்பிலும் இதே ஏற்பாடுதான்: 128 பேர் 64 ஆகும் வரை டபுள், அப்புறம் நாக்-அவுட். என் போட்டியில் வின்னர் பக்கத்தில் ஏழு ரேக் (பந்துகளை ஒரு முறை அடுக்கி ஆடி முடிப்பது ஒரு ரேக்), லூசர் பக்கத்தில் ஐந்து ரேக் ஜெயித்தால் போதும். எந்த மேஜை காலியானாலும் லூசர் பக்க ஆட்டத்துக்கே முதல் உரிமை. இந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மற்றதெல்லாம் சின்னச் சின்ன ஒழுங்கு: அடுத்து ஆட வேண்டியவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது, ஸ்கோர் தாளை ஜெயித்தவரே கொண்டுவந்து கொடுப்பது, பத்து நிமிடம் தாமதமானால் ஒரு ரேக் எதிராளிக்கு.

ஆட்டங்கள் ஓடத் தொடங்கியதும் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. ஆட்டம் இழுப்பதற்கு, யோசித்து நிற்பதைவிட, பந்து விழாமல் போவதுதான் பெரிய காரணம். அதனால் கையிலிருந்த தாளில், தவறிய ஷாட் பாக்கெட்டின் எந்தப் பக்கம் பட்டது என்று குறிக்க ஆரம்பித்தேன். கட் ஷாட்களில், அதாவது பந்தை நேராக இல்லாமல் ஓரத்தில் தொட்டுக் கோணத்தில் அனுப்பும் ஷாட்களில், தவறியவை பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன: கட் போதாமல், திக்காக (பந்தை வேண்டியதைவிட முழுதாக மோதியதுபோல) போய் முகப்பில் இடித்தவை.

ஒரு ஆட்டம் 6–6. ஒன்பதாம் பந்துக்கு ஏறக்குறைய அரைப்பந்து கட் (வெள்ளைப் பந்து அதன் பாதியில் மோதுவது), அதாவது 30 டிகிரி. ஆடியவர் நிதானமாகக் குனிந்தார், கியூ (அடிக்கும் கோல்) நேராகப் போனது, தலை அசையவில்லை. பந்து பாக்கெட் முகப்பின் திக் பக்கம் இடித்து நின்றுவிட்டது. அவர் கியூ முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிசகு முனையில் இல்லை, வேகத்தில். இரண்டு பந்துகளும் தொடும் நொடியில் அவற்றுக்கிடையே உரசல் இருக்கிறது. அந்த உரசல், அடிபடும் பந்தை வெள்ளைப் பந்து போகிற திசைக்குக் கொஞ்சம் இழுத்துவிடும். வெள்ளைப் பந்து உருளாமல் வழுக்கிக்கொண்டு மெதுவாக வந்து தொட்டால் இந்த இழுப்பு கூடுதல். நெருக்கடியில் எல்லோரும் மெதுவாகத்தான் தட்டுகிறார்கள். பயிற்சியில் வேகமாக அடித்துப் பழகிய குறி அப்போது பொய்த்துப்போகிறது.

நேர் ஷாட்டும் அப்படி ஒன்றும் எளிதில்லை. வெள்ளைப் பந்துக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் இடையே 36 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பந்து 0.1 டிகிரி விலகினால் அடிபட்ட பந்து ஏறக்குறைய 1.5 டிகிரி விலகும். பாக்கெட் 48 அங்குலம் தள்ளி இருந்தால் அது ஒன்றேகால் அங்குல விலகல். பந்தின் விட்டம் 2¼ அங்குலம், மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் 4½. பக்கத்துக்கு ஒன்றேகால் அங்குலம்கூட மிச்சமில்லை, ஒன்றே அரைக்கால்தான் (1⅛). அடித்து முடிக்கும் முன்பே தலையைத் தூக்கினால், பிடியை இறுக்கினால், அந்த 0.1 டிகிரி தானாக வந்துவிடும். இதில் தேவையில்லாமல் சைடு ஸ்பின் வேறு கொடுத்தால், வலப்பக்கம் அடித்த வெள்ளைப் பந்து இடப்பக்கம் கொஞ்சம் விலகித்தான் கிளம்பும்.

இதெல்லாம் ஆடுகிறவர் பாடு என்று விட முடியவில்லை. பந்தில் அழுக்கும், கியூ முனையில் தேய்க்கிற சாக் பொடியும் ஏறினால் உரசல் கூடும்; தொடுகிற இடத்தில் சாக் திட்டு இருந்துவிட்டால் சரியாக அடித்த ஷாட்டும் தவறும். அது நடத்துபவரின் பொறுப்பு. அதனால் மேஜைக்கு ஒரு துணி வைத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் பந்துகளைத் துடைக்கச் சொன்னேன். நீண்ட நேரம் காத்திருந்துவிட்டு வருகிறவர் முதல் ரேக்கில் கை வராமல் திணறுவதைப் பார்த்ததும், ஆளுக்கு இரண்டு நிமிடம் தட்டிப் பார்க்க அனுமதித்தேன். நேரம் வீணாகவில்லை, முதல் ரேக்குகள் சீக்கிரம் முடிந்தன. ஷாட்டுக்கு 30 விநாடி என்ற கடிகாரத்தைப் பின்தங்கிய மேஜைகளில் மட்டும் வைத்தேன். எல்லோரையும் தொடக்கத்திலிருந்தே அவசரப்படுத்தினால் தலைதூக்கல்தான் பெருகும் என்பது என் கருத்து.

கால் இறுதிக்குப் பிறகு மேஜைகள் காலியானதும் ஒன்றைப் பயிற்சிக்கு விட்டேன். அந்த 6–6 ஆட்டக்காரர் வந்து தன் தாளைக் கேட்டார். அவரது கட் ஷாட் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே திக் பக்கம். துடைத்த பந்துகளை எடுத்து அதே அரைப்பந்து கட்டை வைத்தோம். குறியை மாற்றாமல் மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக அடித்து, மூன்றும் பாக்கெட்டில் எங்கே படுகின்றன என்று பார்த்தோம். அதன்பின் மெதுவான ஷாட்டுக்கு மட்டும் கொஞ்சம் மெலிதாக, அதாவது இன்னும் ஓரமாக, குறி வைத்துப் பழகத் தொடங்கினார். கட் ஷாட் அடிக்கடி தவறுகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தப் பயிற்சியைத்தான்.