மூலை வீட்டுத் தோட்டம் என் கைக்கு வந்த கதை

கணவர் இறந்த வீட்டுக்கு உறவினர்கள் வருவார்கள், வங்கியிலிருந்தும் சேமநிதியிலிருந்தும் கடிதங்கள் வரும். அவர்களுக்கெல்லாம் முன்னால் வந்து நிற்பது புல். கோலாலம்பூர் மழையில் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் கணுக்கால் தெரியாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவைக்க இடம் தேடியபோதுதான் வெளியே என்ன நடக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தேன்.

எங்களுடையது கெப்போங்கில் ஒரு தாமானின், அதாவது குடியிருப்புப் பகுதியின், மூலை வீடு. வரிசை வீடுகளில் மற்றவர்களுக்கு வாசலில் கார் நிறுத்தும் இடத்தோடு சரி. மூலை வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தத் துண்டுக்காகவே என் கணவர் கடன்பட்டு இந்த வீட்டை வாங்கினார். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், மண்ணில் கை வைக்காமல் அவரால் இருக்க முடியாது. ஞாயிறு காலையில் மின்னல் பண்பலை ஒரு பக்கம் பாடிக்கொண்டிருக்க, சாப்பாட்டு நேரம் வரை வெளியேதான் இருப்பார். நான் நகரத்துப் பிள்ளை, அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். கறிவேப்பிலை ஒடிப்பதும் மல்லிகை பறிப்பதும்தான் தோட்டத்தில் என் பங்கு.

ஜொகூரில் வேலை பார்க்கும் மகன், "அம்மா, பேசாமல் சிமெண்டு போட்டு டைல்ஸ் பதித்துவிடலாம். கழுவிவிட்டால் போதும்" என்றான். அதில் தவறில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அந்தத் தரை மதியத்தில் அடுப்பாகக் கொதிப்பதையும், சாயங்கால மழைநீர் அத்தனையும் தெருக்கால்வாயில் போய் முட்டுவதையும் நான் தினமும் பார்க்கிறேன். சரி, எதற்கும் விலை கேட்போம் என்று கேட்டேன். விலையைக் கேட்ட பிறகு தோட்டத்தின் மீது எனக்குப் பாசம் கூடிவிட்டது.

ஆகவே தெரிந்த வழியில் இறங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, வெளியே இருந்த ஒவ்வொரு செடியையும் எழுதினேன். அதற்குத் தண்ணீர் யார் ஊற்ற வேண்டும், வெட்ட வேண்டுமா, வெட்டினால் குனிய வேண்டுமா, ஏணி வேண்டுமா என்று பத்தி பத்தியாக. என் முதுகும் முழங்காலும் என்ன தாங்கும் என்பது எனக்குத்தான் தெரியும். ஏணி என்று எழுதியவை எல்லாம் என் வேலை இல்லை என்று அன்றே முடிவு செய்தேன். முப்பதுக்கு மேற்பட்ட தொட்டிகளில் பாதிக்கும் மேல் தெருக்காரர்களுக்குப் போயின. ஆர்க்கிட் எதிர்வீட்டுச் சீன அம்மாவுக்கு, சமையலுக்கு வாசனை தரும் பாண்டானும், செரை எனப்படும் எலுமிச்சைப் புல்லும் பக்கத்து மலாய்க் குடும்பத்துக்கு. இலை இடுக்கில் தண்ணீர் தேக்கிவைக்கும் புரோமீலியாட் என்னும் அழகுச் செடியைக் கொடுக்கவும் மனம் வரவில்லை, வெட்டிப் போட்டுவிட்டேன். அதற்குக் காரணம் கொசு, பிறகு சொல்கிறேன்.

"அவர் வைத்ததை இப்படி அழிக்கலாமா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் வருடத்துக்கு ஒரு முறை தோட்டத்தைப் பாதி பிடுங்கி மாற்றி வைத்தவர். அவர் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் ஒரே மாதிரி இல்லாத தோட்டத்தை, அவர் போன நாளில் இருந்தபடியே நான் பூட்டிவைக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

முதல் சோதனை புல்வெட்டும் இயந்திரம். முதுகில் மாட்டிக்கொள்ளும் வகை, பெட்ரோலில் இயங்குவது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் இருமும், அடங்கிவிடும். கடைக்குக் கொண்டுபோனோம். கடை முதலாளியான தவ்கே, இயந்திரத்துக்குள் பெட்ரோல் போகும் கார்புரேட்டரைக் கழற்றி விரலால் துடைத்துக் காட்டினார். கருப்பட்டிப் பாகு உலர்ந்த மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோலும் எண்ணெயும் கலந்து ஊற்றிய இயந்திரத்தை மாதக்கணக்கில் அப்படியே போட்டால் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் தங்கிவிடுமாம். நிறுத்திவைப்பதாக இருந்தால் டாங்கியைக் காலி செய்துவிட்டு, மிச்சம் தீரும் வரை ஓடவிட்டு அணைக்க வேண்டும். சுத்தம் செய்து கொடுத்தார், ஓடியது. முதுகில் ஏற்றிப் பார்த்தேன், என்னால் நிமிர முடியவில்லை. அதை அவரிடமே விற்றுவிட்டேன்.

நடுவில் கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தேன். வருகிறேன் என்ற நாளில் வர மாட்டார்கள், வந்தால் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். எலுமிச்சையின் அடிமரத்தைச் சுற்றி, புல்லை வெட்டச் சுழலும் இயந்திரத்தின் நைலான் நூல் பட்டுப் பட்டுப் பட்டை உரிந்து, இலை மஞ்சளாகி, அந்த மரம் மெல்ல மெல்லப் பட்டுப்போனது. பட்டை சுற்றிலும் போனால் இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்க வழியில்லை. இப்போது ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு முழ அகலத்துக்குப் புல்லே இல்லாமல் காய்ந்த இலையைப் பரப்பி வைத்திருக்கிறேன். இயந்திரம் கிட்டே போக வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியில் பேட்டரியில் ஓடும் சிறிய இயந்திரம் ஒன்று வாங்கினேன். என்னைப் போன்ற பெண்களுக்குச் சொல்கிறேன்: சக்தி எவ்வளவு என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன் கையில் தூக்கிப் பாருங்கள். பேட்டரியையும் மாட்டச் சொல்லித் தூக்குங்கள், வெறும் எடையைக் காட்டி ஏமாற்றுவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு மூடிய காலணி இல்லாமல் தொடக்கூடாது. ஒரு சிறு கல் தெறித்து எங்கள் கார் விளக்கை உடைத்தது, கண் என்றால் என்ன ஆகியிருக்கும்? கவ் கிராஸ் எனப்படும் அகல இலைப் புல்லை ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் களை குறைவு. மண் தெரிய வெட்டினால் அந்த இடத்தைத் தொட்டாற்சிணுங்கி பிடித்துக்கொள்ளும். நேரம், காலை ஏழரைக்கு மேல் ஒன்பது வரை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் புல்லை நம்மால் துரத்திப் பிடிக்க முடியாது. அந்த மாதங்களில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த தோட்டக்கலை.

கொசு விஷயத்தில் மட்டும் கண்ணை மூட முடியாது. சுகாதார அதிகாரிகள் வீடு வீடாக வருவார்கள். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் கொசுப்புழு கிடைத்தால், நீதிமன்றம் போகாமல் கட்டும் அபராதமே 500 ரிங்கிட் வரை. தனியாக இருக்கும் பெண் என்று விட்டுவிட மாட்டார்கள், விடவும் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறது சுகாதார அமைச்சு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. முட்டை பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டுகளை எல்லாம் நான் எடுத்தே விட்டேன். குழாயில் தண்ணீர் தடைபடும் நாட்களுக்காக அவர் வைத்திருந்த பீப்பாயை நெருக்கமான வலையால் மூடிக் கயிறு கட்டினேன்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய புட்டி கிடைத்தது. அதன் மேல் தாள் ஒட்டி, தமிழில் "விஷம், தொடாதே" என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே பாராகுவாட். ரப்பர் தோட்டத்தில் பெண்கள் முதுகில் டாங்கியைச் சுமந்து அடித்த களைமருந்து இதுதான். என் மாமியாரும் மருந்தடித்தவர். நகம் கறுத்து உதிரும், மூக்கில் இரத்தம் வரும் என்று சொல்லியிருக்கிறார். ஒரு வாய் உள்ளே போனால் நுரையீரலைக் கொன்றுவிடும், மாற்று மருந்து கிடையாது. மலேசியாவில் 2002இல் இதைத் தடை செய்ய முடிவெடுத்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத்தடை வந்தது. அம்மாவின் நகத்தைப் பார்த்து வளர்ந்த மனிதர் அதை ஏன் வீட்டில் வைத்திருந்தார்? கேட்க ஆள் இல்லை. அன்று அவர் மீது எனக்கு வந்த கோபம் நல்ல கோபம். அழுதுகொண்டே இருந்தவளுக்கு அது ஒரு மாறுதல். புட்டியைத் திறக்காமல், இரண்டு பைக்குள் கட்டி, பூட்டிவைத்தேன். மகன் வந்தபோது விவசாயத் துறை அலுவலகத்தில் விசாரித்து, அவர்கள் காட்டிய இடத்தில் சேர்த்தான். உங்கள் வீட்டிலும் பழைய அலமாரி இருந்தால் பாருங்கள். கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.

இப்போது களையைக் கையால்தான் பிடுங்குகிறேன், மழை பெய்த மறுநாள், சிறிய முக்காலியில் உட்கார்ந்து. கையுறை கட்டாயம். எலி நடமாடும் ஈர மண்ணில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

மல்லிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்காக அவர் வைத்தது, வேலியோரம் புதராக நின்றது. நாத்தனார் ஒரு நாள், "அண்ணி, இனி அந்த மல்லிகை எதற்கு?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, அவள் வளர்ந்த விதம் அப்படி. நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு பல வாரம் செடிப் பக்கம் போகவில்லை. பறிக்காத பூ பழுத்துக் கொடியிலேயே ஒட்டியது, செடி கிளை கிளையாக நீண்டு மொட்டு வைப்பதை நிறுத்திவிட்டது.

தோழி ஒருத்தி என்னைக் கோலாலம்பூருக்கு வெளியே இருக்கும் சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போனாள். அங்கே வரிசையாக நாற்றுப் பண்ணைகள். 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு இருந்த இடம் அது. குணமான பிறகும் வெளியே போக இடமில்லாதவர்கள் செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். அவர்கள் தொடங்கிவைத்த தொழிலில்தான் இன்று பாதி கோலாலம்பூர் செடி வாங்குகிறது. ஒரு பண்ணையில் வயதான சீனர் ஒருவர் மல்லிகைத் தொட்டிகளை வெட்டிக்கொண்டிருந்தார். என் செடியின் நிலையை மலாயில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை என் கையில் கொடுத்து, எதிரே இருந்த செடியைக் காட்டினார். முழங்கால் உயரத்துக்கு, இலைக்கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக. நான் தயங்கித் தயங்கி நுனியைக் கிள்ளினேன். "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று விடவில்லை. மல்லிகை புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும், பழைய கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இலைதான் மிஞ்சும் என்றார். எங்கள் பக்கத்து மண் புளிப்பு, டோலமைட் என்னும் சுண்ணாம்புத் தூளைக் கொஞ்சம் தூவி, இரண்டு வாரம் கழித்து உரம் போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து செடியை மொட்டையாக்கினேன். எதிர்வீட்டம்மா பார்த்துப் பதறினார். நானும் உள்ளுக்குள் பதறினேன். தளிர் வந்தது, பிறகு மொட்டு. இப்போது சாயங்காலம் கிண்ணத்தில் பறித்து, பாதி சாமி படத்துக்கு, பாதி என் தலைக்கு. நாத்தனார் போன தீபாவளிக்கு வந்தபோது பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது ஒரு முழம் கட்டிக் கொடுத்தேன், வைத்துக்கொண்டு போனாள்.

வெட்டியதை என்ன செய்வது என்பது தனிப் பாடம். ரப்பர் தோட்டத்தில் பெருக்கிக் குவித்துக் கொளுத்துவார்கள். இங்கே திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். கோலாலம்பூரில் வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் தோட்டக் கழிவும். அந்த நாளுக்கு முந்தின மாலை கிளையைச் சிறிதாக நறுக்கி, கட்டி, வாசலில் வைத்துவிட்டால் எடுத்துப் போவார்கள். இலையை நான் கொடுப்பதில்லை. மூலையில் மக்கவிட்டு வாழைக்குப் போடுகிறேன். வாழையும் கணக்குக்குள் வந்துவிட்டது: ஒரு தாய், ஒரு கன்று, அவ்வளவுதான். குலை தள்ளிய மரத்தை வெட்டும் நாளில் மட்டும் பக்கத்து வீட்டு மலாய்ப் பையன் பாராங் கத்தியோடு வருவான், அவனுக்கு ஒரு சீப்பு.

இன்னும் தீராதது மாமரம். கூரைக்கு மேலே போய்விட்டது, முசுறு எறும்பு வேறு. ஒரு கிளை மின்கம்பியை நோக்கி நீள்கிறது. மரம் வெட்டுகிறவர்கள் இருவரை வரவழைத்துப் பேசினேன். முதலாமவர் அடியோடு எடுத்துவிடச் சொன்னார், அதில்தான் அவருக்கு வேலை சுலபம். இரண்டாமவர் உச்சியை மட்டும் இறக்கி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்றார். அவரையே வைத்துக்கொண்டேன். கிளைகளை லாரியில் ஏற்றிப் போவது அவர் பொறுப்பு, பணம் வேலை முடிந்து இடம் சுத்தமான பிறகு என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஏப்ரல் மழைக்கு முன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் கூப்பிட இன்னொருவரின் எண்ணும் நோட்டில் இருக்கிறது.