காட்டுக் காளானை அளக்கக் கொடுத்தேன்

ஜெர்மனியின் தெற்கு பவேரியாவில் இலையுதிர்காலம் வந்தால் ஊரே கூடையுடன் காளான் பறிக்கக் காட்டுக்குப் போகும். நாங்களும் போவோம். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்த சில நாட்களில் இந்தப் பக்கம் பெய்த மழை, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளைக் காடுகளில் இறக்கிவிட்டுப் போனது. அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 30 ஆண்டுகள். மண்ணில் இன்னும் மீதி இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிடும் பொருளாயிற்றே என்று இந்த முறை மியூனிக்கில் ஓர் ஆய்வகத்தில் அளக்கக் கொடுத்தேன்.

ஒரே வகைக் காளானாக இருக்க வேண்டும், சமையலுக்குச் செய்வதுபோல் சுத்தம் செய்திருக்க வேண்டும், பறித்த இடத்தையும் தேதியையும் எழுதித் தர வேண்டும். துளி மண்ணும் ஒட்டியிருக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள். மண்ணில் உள்ள சீசியமும் சேர்ந்தால் கணக்கு கெட்டுவிடும். நான் கொண்டுபோனது மரோனன் என்ற காளான். பழுப்புத் தொப்பியின் அடியில் இருக்கும் மஞ்சள் பகுதியை விரலால் அழுத்தினால் நீலம் பாரிக்கும். சீசியத்தை அதிகம் சேர்த்துக்கொள்ளும் வகை அது.

நறுக்கி, டப்பாவில் அடைத்து, எடை போட்டு, தடித்த ஈயச் சுவருக்குள் இருந்த கருவியில் வைத்து மூடினார்கள். வெளிக் கதிர்வீச்சு கணக்கில் சேராமலிருக்கத்தான் அந்த ஈயம். திரையில் இருந்த வரைபடத்தில் மெல்ல இரண்டு முகடுகள் எழுந்தன. ஒன்று பொட்டாசியம்-40, உணவில் இயற்கையாகவே இருப்பது. மற்றது சீசியம்-137. சீசியம்-134 தென்படவில்லை. அதன் அரை ஆயுள் 2 ஆண்டுகள்தான் என்பதால், அது இருந்திருந்தால் அண்மையில் எங்கோ கசிவு நடந்திருக்கிறது என்று பொருள். எனக்குப் பெரிய ஆறுதல் அதுதான்.

முடிவு கிலோவுக்கு 600 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டியிருந்தது. கடையில் விற்கக் கூடாத அளவு. சொந்தமாகப் பறித்துச் சாப்பிடுபவர்களுக்கு அந்த வரம்பு இல்லை. எப்போதாவது ஒரு வேளை சாப்பிட்டால் பெரிய பாதிப்பில்லை என்றார் அளந்தவர். ஆனாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

வயல் விளைச்சலில் இந்தச் சிக்கல் இப்போது மிகக் குறைவு. அங்கே களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. காட்டிலோ அது சருகிலும் காளான் இழையிலுமாக மேல்மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. காளானைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளின் இறைச்சியில், பழைய அணுகுண்டுச் சோதனைகளின் சீசியமும் கணிசமாக இருப்பதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

மழை எங்கே கொட்டியதோ அங்கேதான் அதிகம். அதனால் பக்கத்துக் காட்டின் அளவை வைத்து நம் காட்டை எடைபோட முடியாது. பறிக்கும் இடம் மாறினால் மறுபடியும் அளந்துவிடுங்கள்.