சின்ன லேபுக்கு ஏசி வாங்கும் முன்

சின்ன லேப்தானே, சதுர அடியைப் பார்த்து ஒரு ஏசி மாட்டிவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அறையின் அளவை விட உள்ளே ஓடும் கருவிகள்தான் முக்கியம். ஓவன், சென்ட்ரிஃபியூஜ், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் எல்லாம் இழுக்கும் மின்சாரம் பெரும்பாலும் சூடாகத்தான் அறைக்குள் இறங்கும். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது சுமார் 3.5 கிலோவாட் சூடு, கருவிகளே 2 கிலோவாட் இழுத்தால் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் ஃபியூம் ஹுட், அதாவது ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும், கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி. 1.2 மீட்டர் அகலம், கண்ணாடிக் கதவு 45 சென்டிமீட்டர் திறப்பு, காற்று வினாடிக்கு 0.5 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு ஏறக்குறைய 970 கன மீட்டர் காற்று வெளியே போகிறது, அதாவது 90 கன மீட்டர் அறையில் இருக்கும் அளவு காற்று ஆறே நிமிடத்துக்குள் காலி, நாம் காசு கொடுத்துக் குளிரவைத்ததோ சூடாக்கியதோ எல்லாம் அதோடு சேர்ந்து. சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றவிடும். போன காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்றைப் பதப்படுத்தி உள்ளே விட ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் அறைக் கதவைத் திறக்கவே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், ஹுட்டும் சரியாக உறிஞ்சாது. பட்ஜெட்டில் முதலில் இதற்கு ஒதுக்குங்கள்.

அப்புறம், ஏசி காற்று தராசின் மேலோ ஹுட்டின் முகத்திலோ நேராக வீசக் கூடாது. எங்கள் தராசில் நான்காவது தசம இலக்கம் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. ஏசியின் காற்றைத் திருப்பிவிட்டதும் அடங்கியது.