ஆற்காடு ரோட்டில் ஒரு மேஜர்

சாலிகிராமத்தில் ஆற்காடு ரோட்டை ஒட்டி பரமேஸ்வரன் விஹார் என்று ராணுவக்காரர்கள் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அந்த வழியாக எத்தனையோ வருடம் பஸ்ஸில் போயிருக்கிறேன், ஏதோ சிவன் பெயர் என்று விட்டுவிட்டேன். போன மாதம் அங்கே ஒரு நண்பரைப் பார்க்கப் போனபோது (மெட்ரோ வேலை புண்ணியத்தில் ஆட்டோ நின்று நின்றுதான் போனது) டிரைவர், "யாரு சார் அந்த பரமேஸ்வரன், பில்டரா?" என்று கேட்டார். முழித்தேன். அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இது.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1946-இல் பம்பாயில் பிறந்த தமிழர். பி.எஸ்சி. முடித்து, ராணுவப் பயிற்சிக்கு வந்தது நம்ம பரங்கிமலைக்கு. 1972-இல் அங்கிருந்து அதிகாரியாகி மஹர் ரெஜிமென்ட்டுக்குப் போனார்.

1987 ஜூலையில் இந்தியா-இலங்கை ஒப்பந்தம், உடனே இலங்கைக்கு இந்திய அமைதிப்படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை. நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் கந்தரோடைப் பக்கம் ஆயுதம் தேடிப் போய்விட்டுத் திரும்பும்போது இவருடைய ஆட்களை மறைந்திருந்து தாக்கினார்கள். இவர் சுற்றிப் போய்ப் பின்பக்கமாக அவர்கள் மேல் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவன் இவர் நெஞ்சில் சுட்டுவிட, அவன் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டிருக்கிறார். அப்புறமும் உயிர் போகும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தாராம். வயது 41. மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா, போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருது. இதுவரை 21 பேருக்குத்தான் அது கிடைத்திருக்கிறது, இலங்கைச் சண்டைக்காக வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

இவ்வளவு பெரிய விருது வாங்கிய தமிழரை நாம் ஏன் கொண்டாடவில்லை என்று கேட்பது சுலபம். அந்த இடத்தில் எதிரெதிரே நின்றவர்கள் யார் என்று யோசித்தால் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அவருடைய சிப்பாய்களில் பலருக்குத் தமிழ் தெரிந்திருக்காது, எதிரில் கத்தியவர்களின் பேச்சு அவருக்குப் புரிந்திருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை நுழைந்து, நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் கொல்லப்பட்டார்கள். அதைச் சொல்லாமல் இவர் வீரத்தை மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை. அதற்காக அவர் செய்தது சின்னதாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்று ஊரில் பலருடைய மனநிலையும் அதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் திரும்பியே வரவில்லை.

நேற்று மறுபடியும் நண்பர் வீட்டுக்குப் போனேன். வேறு ஆட்டோ, டிரைவர் கொஞ்சம் வயசானவர். இந்த முறை நானே கதையை ஆரம்பித்தேன். "ஓ, சிலோன் சண்டையா" என்றார். அதற்கப்புறம் விஹார் வாசல் வரைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை.