சீமாவுக்குச் சந்தா கட்டிய கதை

எங்கள் பட்டறை முதலாளியான பெரியவரின் மேசையில், சீமா என்ற வாகனப் பாகம் செய்கிறவர்கள் சங்கத்தின் உறுப்பினர் படிவம் மூன்று வருடமாகக் கிடந்தது. காபிக் கோப்பை வைத்த வட்டம் அதன் மேல் நாலைந்து இருக்கும். நான் எப்போது எடுத்துக் கொடுத்தாலும் ஒரே கேள்விதான்: "இதில் சேர்ந்தால் அலுமினியம் விலை குறையுமா?" குறையாது என்பேன். "அப்புறம் எதற்கு?" என்று மறுபடி காபியை அதன் மேலேயே வைப்பார்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில், மூர்ஸ்வில் பக்கம் ஒரு சின்ன பட்டறையில் எனக்கு வேலை. ஊருக்கே 'ரேஸ் சிட்டி யுஎஸ்ஏ' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நாஸ்கார் என்ற பெரிய கார் பந்தயத் தொடரின் அணிகளில் பலவற்றுக்குச் சுற்றுவட்டாரத்தில்தான் பட்டறை. நாங்கள் அந்த அளவுக்குப் பெரிய ஆட்கள் இல்லை. மொத்தம் ஒன்பது பேர், கணினி இயக்கும் நான்கு சிஎன்சி மெஷின்கள். சனி, ஞாயிறுகளில் மண் தடத்திலும் கால் மைல் நேர்கோட்டில் சீறும் 'டிராக்' பந்தயத்திலும் சொந்தக் காசைப் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இன்டேக் மேனிஃபோல்ட் செய்கிறோம். இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்து அனுப்பும் அலுமினியப் பாகம் அது. தரச் சோதனை என் வேலை. ஆள் குறைவு என்பதால் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் தலையில்தான். பெரியவர் இளவயதில் மண் தடத்தில் ஓட்டியவர். இங்கே எல்லோரையும் போல அவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். எழுதும்போது மட்டும் கை வரவில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரி. அப்பாவுக்குப் பீளமேட்டில் ஒரு லேத் பட்டறை இருந்தது. கையில் காசு புரளாத வருடத்திலும் ஊர்ச் சிறுதொழில்காரர்கள் சங்கமான கொடிசியாவின் சந்தாவை மட்டும் நிறுத்த மாட்டார். கரண்ட் கட்டானால் தனியாகப் போய்க் கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அதனால் சங்கம் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. பெரியவருக்குத்தான் சங்கம் என்றால் சாப்பாடு போட்டுக் கைகுலுக்கும் இடம் என்று நினைப்பு.

அந்த நினைப்பு மாறியது 2016 பிப்ரவரியில். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது ஈபிஏ, 2015 ஜூலையில் ஒரு வரைவு விதி வெளியிட்டிருந்தது. கனரக லாரிகளின் எரிபொருள் சிக்கனம் பற்றிய வரைவு, நூற்றுக்கணக்கான பக்கம். பந்தயக்காரர் யாரும் அதைத் திறந்து பார்க்கக் காரணமே இல்லை. ஆனால் உள்ளே ஓரிடத்தில், சாலைக்கென்று சான்று பெற்ற வண்டியை வெறும் பந்தயத்துக்காகவே மாற்றினாலும் அதன் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைக்கக் கூடாது என்ற பொருளில் சில வாக்கியங்கள் இருந்தன. எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது அதைத்தான். பழைய மஸ்டாங் கார் ஒன்றை வாங்கி, சீட்டைப் பிடுங்கிவிட்டு, வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் ரோல் கேஜ் என்ற இரும்புக் கூண்டை உள்ளே பற்றவைத்து, நம்பர் பிளேட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். அதன் பிறகு அந்த வண்டி டிரெய்லரில்தான் பயணம் போகும்.

அந்த வாக்கியங்களைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னது சீமா. ஸ்பெஷல்டி எக்விப்மென்ட் மார்க்கெட் அசோசியேஷன் என்பதன் சுருக்கம். வண்டிகளுக்கான சிறப்புப் பாகங்களைச் செய்கிறவர்கள், விற்கிறவர்கள் சங்கம் என்று சொல்லலாம். வெள்ளை மாளிகை இணையதளத்தில் போட்ட மனுவுக்கு ஒரு லட்சம் கையெழுத்து மளமளவென்று சேர்ந்தது. அன்று மாலை பெரியவர் படிவத்தைத் தானே எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "அத்தனை பக்கத்தையும் யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். நாம் படித்தோமா?" என்றார். இல்லை என்றேன். "சரி, நிரப்பு."

சந்தா நிறுவனத்தின் வருட விற்பனையைப் பொறுத்தது. எங்களுக்கு வந்த தொகை நல்ல கட்டிங் டூல் சில வாங்கும் அளவு, அவ்வளவுதான். தடங்கல் வந்தது என்னால். பட்டறையை ஊரில் எல்லோரும் கூப்பிடும் பெயரைப் படிவத்தில் எழுதிவிட்டேன். இணைத்த விற்பனை வரிச் சான்றிலோ பெரியவரின் அப்பா காலத்துப் பதிவுப் பெயர் இருந்தது. இரண்டும் ஒரே நிறுவனம்தானா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பதிவு ஆவணத்தைத் தேடி எடுக்க இரண்டு வாரம் ஆனது. அது பழைய கார்புரேட்டர் பெட்டிக்குள் இருந்தது. நீங்கள் இப்படி ஏதாவது சங்கத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் வரிச் சான்றில் இருக்கும் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

அம்மாவிடம் போனில், "இன்றைக்குச் சீமாவுக்குப் பணம் கட்டினேன்" என்றேன். "யாருடி அந்தச் சீமா? எதற்கு அவளுக்கு நீ பணம் கொடுக்கிறாய்?" என்றார். விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

உறுப்பினரான பிறகுதான் சங்கத்தின் கதையைப் படித்தேன். 1963-ல் ஆரம்பித்தபோது அது ஸ்பீட் எக்விப்மென்ட் மேனுஃபேக்சரர்ஸ் அசோசியேஷன். முதல் தலைவர் எட் இஸ்கெண்டேரியன், இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் செய்தவர், குடியேறிய ஆர்மீனியர்களின் பிள்ளை. 1967-ல் முதல் கண்காட்சியை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் நடத்தியிருக்கிறார்கள். இன்று லாஸ் வேகாஸில் திருவிழா மாதிரி நடக்கும் அந்தக் கண்காட்சியைப் பார்க்கிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது பாதுகாப்புத் தரம் பற்றிய பகுதி. அந்தக் காலத்து டிராக் வண்டிகளில் கிளட்சும் ஃப்ளைவீலும் வெடித்துச் சிதறுவது சாதாரணம். 1970-ல் டான் கார்லிட்ஸ் என்ற பெரிய ஓட்டுநருக்கு டிரான்ஸ்மிஷன் வெடித்து வலது பாதத்தில் ஒரு பகுதி போனது. எந்தப் பாகம் எவ்வளவு தாங்க வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து தரம் எழுதினார்கள். அந்த வேலை 1978-ல் எஸ்எஃப்ஐ என்ற தனி அமைப்பானது. இன்று கிளட்சைச் சுற்றி இருக்கும் உறையில் ஒட்டியிருக்கும் எஸ்எஃப்ஐ 6.1 ஸ்டிக்கர் அங்கிருந்து வந்ததுதான். ஒன்றோடொன்று போட்டி போடும் கம்பெனிகள் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டது பெரிய விஷயம் என்பது என் எண்ணம். விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

2016 ஏப்ரலில் ஈபிஏ அந்த வாக்கியங்களைத் திரும்பப் பெற்றது. பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 1990-ல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, பந்தயத்துக்கு மட்டுமே பயன்படும் வண்டிகள் சாலைக்கு வெளியே ஓடும் வாகனங்களுக்கான பிரிவில் வராது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் சாலை வண்டியாகப் பிறந்து பந்தய வண்டியாக மாறியது எந்தப் பக்கம்? தொழில்காரர்கள் ஒரு மாதிரி படிக்கிறார்கள், முகமை வேறு மாதிரி படிக்கிறது. அதைத் தெளிவாக எழுதச் சொல்லித்தான் 2016 மார்ச்சில் ஆர்பிஎம் மசோதா வந்தது. தாக்கல் செய்தவர் பேட்ரிக் மெக்ஹென்றி, எங்கள் வட கரோலினாக்காரர்.

மசோதாவை ஆதரிக்கச் சொல்லிச் சங்கம் அனுப்பிய மாதிரிக் கடிதத்தைக் கையெழுத்து போட்டு அப்படியே எங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு அனுப்பலாம். நான் மாற்றி எழுதினேன். ஒன்பது பேருக்குச் சம்பளம், அதில் இரண்டு பேர் பக்கத்துக் கல்லூரியில் மெஷினிங் படித்து வந்த பையன்கள், அலுமினியம் வாங்குவது எங்கே, வெப்பப் பதத்துக்கு அனுப்புவது எங்கே என்று எங்கள் ஊர்ப் பெயர்களைப் போட்டேன். பதில் வந்தது. வெறும் நன்றிக் கடிதம்தான். ஆனால் உறுப்பினர்களின் பட்டறைக்கு மக்கள் பிரதிநிதிகளை வரவழைக்கச் சங்கம் ஏற்பாடு செய்து தரும் என்று தெரிந்ததும், அதையும் கேட்டுப் பார்த்தேன்.

பிரதிநிதி வரவில்லை, உதவியாளர் வந்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். பளபளவென்று தோல் ஷூ. மெஷின் ஷாப்பில் தரை எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை போலும். மூன்றாவது மெஷின் பக்கம் சிந்தியிருந்த கூலன்ட்டில் கால் வழுக்கி, ஒரு கையால் பெரியவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் தயாரித்து வைத்திருந்த பன்னிரண்டு பக்கக் கோப்பை அவர் புரட்டக்கூட இல்லை. மூலையில் வாடிக்கையாளர் ஒருவரின் வண்டி நின்றது. உள்ளே எட்டிப் பார்த்து, "இதில் ஹெட்லைட் எங்கே?" என்று கேட்டார். "ஸ்டிக்கர்" என்றார் பெரியவர். ஹெட்லைட் போலவே அச்சடித்த ஸ்டிக்கர். பையன் தடவிப் பார்த்துச் சிரித்தார். "அப்படியானால் இது ராத்திரியில் ரோட்டில் போகவே முடியாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நோட்டில் எழுதினார். என் பன்னிரண்டு பக்கத்தில் அந்த ஒரு வரி இல்லை. ஒரு வருடம் கழித்து, அந்தப் பிரதிநிதி மசோதாவுக்கு இணை ஆதரவாளராகப் பெயர் கொடுத்திருந்ததைப் பார்த்தேன். எங்களால்தான் என்று சொல்ல மாட்டேன். பெரியவர் சொல்வார்.

இந்தத் தொழிலில் எல்லோரும் யோக்கியர் என்றும் சொல்ல மாட்டேன். பந்தயத்துக்கு மட்டும் என்று பெட்டியில் அச்சடித்துவிட்டு, தினமும் வேலைக்குப் போகும் டீசல் பிக்அப்புக்குப் புகை வடிகட்டியைக் கழற்றும் சாமான் விற்றவர்கள் நிறைய. அதற்கு முந்தைய சுமார் பத்து வருடத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் டீசல் பிக்அப்புகளில் அப்படிக் கழற்றியிருக்கிறார்கள் என்று ஈபிஏவே 2020-ல் மதிப்பிட்டது. அந்தக் கரும்புகையை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள். முகமை கடுமை காட்டியதில் எனக்குக் கோபம் இல்லை. அந்த வியாபாரிகள் செய்ததற்கு டிரெய்லரில் வண்டி ஏற்றிப் போகிறவனும் பயப்பட வேண்டியிருக்கிறதே என்பதுதான் எரிச்சல்.

அதனால் நாங்கள் இன்னொரு வேலையும் செய்தோம். எங்கள் மேனிஃபோல்டில் ஒரு மாடலைச் சாலை வண்டிக்கும் கேட்டார்கள். அதைக் கலிஃபோர்னியாவில் சட்டப்படி விற்க வேண்டுமானால் அந்த மாநிலக் காற்று வள வாரியத்தின் எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் வேண்டும், தொழிலில் 'ஈஓ நம்பர்' என்பார்கள். கலிஃபோர்னியாவுக்கான சான்றுதான், ஆனால் மற்ற மாநிலங்களிலும் பாகம் புகையைக் கூட்டவில்லை என்பதற்கு அதைத்தான் காட்டுவார்கள். கலிஃபோர்னியாவில் டயமண்ட் பார் என்ற ஊரில் சீமாவுக்கென்றே ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது, உறுப்பினருக்குக் கட்டணம் குறைவு. விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும், புகை அதிகமாக வரக்கூடிய எந்த வண்டியில் சோதிக்க வேண்டும் என்று வாரியத்தோடு பேசி எடுத்துச் சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நாங்களாகச் செய்திருந்தால் முதல் பக்கத்திலேயே மாட்டியிருப்போம்.

நான் இரண்டு நாள் அங்கே போய் நின்றேன். சோதனைக்கு முன் வண்டியை ஒரே சீரான வெப்பநிலையில் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை எழுப்பும் முதல் சில நிமிடத்தில்தான் புகை அதிகம், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் இன்னும் சூடாகியிருக்காது. அதனால் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவைக்கும் உருளை மேடையான டைனோவில் அதை ஸ்டார்ட் செய்துகூட ஏற்றக் கூடாது, கையால் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். முதலில் கம்பெனிப் பாகத்தோடு ஒரு ஓட்டம், அப்புறம் எங்கள் பாகத்தோடு. திரையில் ஒரு கோடு போகும், ஓட்டுகிறவர் வேகத்தை அந்தக் கோட்டிலிருந்து விலகாமல் வைத்திருக்க வேண்டும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டு நடப்பவர் மாதிரி அத்தனை பதனமாக ஓட்டினார். எங்கள் முதல் முயற்சி தேறவில்லை. பாகத்தில் குறையில்லை, இணைப்பில் காற்று கசியாமல் இருக்க நாங்கள் அனுப்பிய கேஸ்கெட் ஒரு மூலையில் சரியாக உட்காராமல் காற்று கசிந்தது. தரச் சோதனை யார் வேலை என்று மேலே சொல்லியிருக்கிறேன். மறுபடி கேஸ்கெட் அனுப்பி, நாள் வாங்கி, எல்லாம் முடிந்து நம்பர் கைக்கு வர முக்கால் வருடம் ஆனது.

டிசம்பரில் இண்டியானாபோலிஸில் நடக்கும் பிஆர்ஐ கண்காட்சிக்கு அந்த மேனிஃபோல்டை எடுத்துப் போனோம். அது பந்தயத் தொழிலுக்கென்றே நடப்பது, 2012-ல் சீமா வாங்கியது. தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. குளிரில் காது கழன்றுவிடும். உள்ளே போனால் வெல்டர், டயர்க்காரர், ஹெல்மெட்காரர், சின்ன ஊரில் தடம் நடத்துகிறவர் என்று எல்லோரும் ஒரே காபி வரிசையில். எங்களுக்குப் புது வாடிக்கையாளர் இரண்டு பேர் கிடைத்தார்கள். சந்தாத் தொகை அதிலேயே திரும்பிவிட்டது, ஆனால் பெரியவர் அதைக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டார். "அது வியாபாரம், இது வேற."

மசோதா? 2022 செப்டம்பரில் செனட் குழு ஒன்றில் விசாரணை வரை போனது. நாங்கள் மெஷினை எல்லாம் நிறுத்திவிட்டு நேரலையில் பார்த்தோம். வாக்கெடுப்புக்கு வரவில்லை. 2023 ஜனவரி 3-ல் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அந்தப் பதவிக்காலம் முடிந்தது, மசோதாவும் அதோடு காலாவதி. இங்கே அப்படித்தான், மறுபடி முதலிலிருந்து தாக்கல் செய்ய வேண்டும்.

அடுத்த வாரம் சந்தா புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. கொஞ்சம் தயக்கத்தோடுதான் பெரியவர் மேசையில் வைத்தேன். காசோலையைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "அந்த ஷூ பையன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா?" என்று கேட்டார். அலுவலகத்துக்குப் போன் செய்து விசாரித்தேன். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், இப்போது அந்த இடத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்றார்கள்.

"அவளையும் வரச் சொல்" என்றார் பெரியவர். "பூட்ஸ் போட்டுக்கொண்டு வரச் சொல்."