நூல் அடித்த உயரம்

2023 டிசம்பர் 18 அன்று, திருநெல்வேலி சந்திப்பை ஒட்டிய எங்கள் வீட்டுக்குள் தாமிரபரணி இடுப்பளவு நின்றது. பெஞ்சின் மேல் சுவரோடு சாய்த்து வைத்திருந்த அப்பாவின் படங்கள் பாதிக்குமேல் மூழ்கிவிட்டன. அப்பா கடைப் பலகை எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்து தொழில் நின்றபின் தமக்காக வரைந்த படங்கள் அவை.

அவசரப்பட்டு முதல் நாள் சில தாள்களை வெயிலில் போட்டேன். அப்பளமாக நெளிந்துவிட்டன, இன்னும் மனம் ஆறவில்லை. பிறகு பழைய வேட்டிகளைக் கிழித்துத் தாள்களுக்கு நடுவே வைத்தோம். செய்தித்தாள் வைத்தால் அச்சு மை ஒட்டிக்கொள்ளும். துணியை மாற்றி மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, ஓரளவு காய்ந்ததும் பலகை வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றினோம். நீர்வண்ணம் கரைந்துபோயிருந்தது. இந்தியன் இங்க் கோடுகள் அசையவில்லை. 41 படங்கள் தேறின, குறுக்கே ஒரு பழுப்புக் கறையோடு.

இவற்றைக் கண்காட்சியாக வைக்கலாம் என்றேன். "இதை யாரம்மா பார்ப்பார்கள்?" என்றார் அப்பா. கறையோடுதான் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவர் வரைந்த இடங்களுக்கே போய், வெள்ளத்துக்குப் பிந்தைய கோலத்தை நான் வரைந்தேன். குறுக்குத்துறை முருகன் கோயிலுக்கு மட்டும் மூன்று முறை போனேன். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் கோயில் அது. நீரை எதிர்கொள்ளும் பக்கம் படகு மூக்காக இருக்கும். எத்தனையோ வெள்ளத்தில் மூழ்கி, வடிந்ததும் பூசைக்குத் திறந்த கோயில். கண்காட்சிக்கு 'மீண்டெழுதல்' என்ற பெயர் அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியதுதான்.

சட்டம் போடக் கொடுத்த இடத்தில் ஈரப் பலகையில் பசை தடவி ஒட்டிவிட்டார்கள். பூஞ்சை பிடித்து இரண்டு படங்கள் போயின. மீதியை, கண்ணாடி தாளில் படாதபடி நடுவே அட்டை கொடுத்து நாங்களே போட்டோம்.

பாளையங்கோட்டையில் ஒரு சிறு கூடம் கிடைத்தது. படத்தின் நடுப்பகுதி கண் மட்டத்தில் வருவதுதான் வழக்கம். அப்பா ஒப்பவில்லை. பலகை எழுதும்போது செய்வதுபோலவே, சுண்ணப்பொடி தோய்த்த நூலை இழுத்துச் சுவரில் அடித்தார். உயரம் 3 அடி 4 அங்குலம், எங்கள் வீட்டில் நீர் நின்ற மட்டம். ஒவ்வொரு படத்தின் கறையும் அந்தக் கோட்டிலேயே விழும்படி மாட்டினோம்.

பார்த்தவர்கள் குனிய வேண்டியிருந்தது. வண்ணார்பேட்டை அம்மா ஒருவர் குனியாமல் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்கள் வீட்டில் இதுவரை" என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். அப்பா உடனே சுவரில் ஒரு நீளத் தாளை ஒட்டி, அந்த உயரத்தில் கோடிட்டு, பக்கத்தில் தெருப் பெயரைத் தம் பலகை எழுத்தில் எழுதினார். அடுத்தவரும் வந்து நின்றார். மறுநாள் மாலைக்குள் தாள் போதாமல் இன்னொன்று ஒட்டினோம்.